பேரையூரில் பிடித்த கிரகணம்

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை காலை, பேரையூர்க் கண்மாய்க்கரையில் வைத்து முத்திருளனைப் பிடித்த சூரிய கிரகணம் இன்றுவரை விடவில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் அன்றைக்குப் பதினொன்றே கால் மணிக்கே விட்டுவிட்டது. கோயில்களைக் கழுவி நடை திறந்தார்கள், பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டு உலை வைத்தார்கள், தாம்பாளத் தண்ணீரில் நிறுத்தி வைத்த உலக்கையை எடுத்து மூலையில் சாத்தினார்கள். முத்திருளனுக்கு மட்டும் தலைக்கு மேலே சூரியன் கதிரரிவாள் மாதிரி வளைந்து நின்றது, நின்றபடியே நிற்கிறது. அவரைச் சுற்றிப் பதினோரு அடிக்கு வெயில் மங்கல், காற்றில் ஒரு குளிர்ச்சி. முனிச்சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவருடைய சேக்காளி பக்கீர் முகமது டேப் பிடித்து அளந்து சொன்னது அது. வடக்குப் பக்கம் அரை அங்குலம் கூடுதலாக வருகிறது, அது டேப்பின் கோளாறாகவும் இருக்கலாம் என்கிறார். வீட்டுக்குள் இருந்தால் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்துவிட்டாலும் தெரியாது. வெயிலில் கால் வைத்தால் போதும், வட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பட்டறையின் கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து வட்டத்துக்கு வெளியே நின்று அண்ணாந்தால் சூரியன் முழுசு, உள்ளே வந்து பார்த்தால் பிறை. சந்தேகப்பட்டவர்கள் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்று டீ குடிக்கப் போயிருக்கிறார்கள்.

முத்திருளன் பழங்காநத்தத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று இருபது வருஷம் படம் பிடித்தார், அதெல்லாம் சோற்றுக்கு. மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்தது கிரகணத்தில்தான். 2010 ஜனவரியில் தனுஷ்கோடி மணலில் போய் நின்று, எக்ஸ்ரே பிலிமை இரண்டாக மடித்து லென்சின் முகத்தில் கட்டிக்கொண்டு, நெருப்பு வளையத்தைப் படம் எடுத்தார். பத்து நிமிஷம் நின்று கொடுத்த வளையம் அது. ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் ஓரமெல்லாம் பிசிறு, பொரித்த அப்பளம் மாதிரி. நம் பக்கத்துக்கு அடுத்த வளையம் 2019 கடைசியில்தான் என்று தெரிந்ததும் நடுவில் இருந்த வருஷங்களையெல்லாம் அதற்கென்றே நேர்ந்துவிட்டார். வந்த சந்திர கிரகணம் ஒன்றையும் விடவில்லை. எந்த நிமிஷத்துக்கு எந்த ஷட்டர் வேகம், எத்தனை இருட்டுக்கு எவ்வளவு திறப்பு என்று ஒரு நோட்டு நிறைய எழுதினார். லென்சில் சூடோ பனியோ ஏறினால் போகஸ் நழுவிவிடும், ஆகவே முதல் நாள் ராத்திரி நட்சத்திரத்தில் போகஸ் பார்த்துவிட்டு செல்லோடேப்பால் சுற்றி ஒட்டிவிடவேண்டும் என்பதை மூன்று கிரகணங்களைக் கோட்டைவிட்டுத்தான் கண்டுபிடித்தார். 2018 ஜனவரி கடைசி நாள் சாயங்காலம் யானைமலை முதுகின் மேல் செம்புச்சட்டி நிறத்தில் நிலா ஏறியதை அவர் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, இனி வளையம் தப்பாது என்று பக்கீர் முகமதே சொன்னார். வாழ்நாளில் ஒரே ஒரு படம், சுத்தமான ஒரு வளையம், கீழே தன் பெயர். முத்திருளன் ஆசைப்பட்டது அம்புட்டுத்தான்.

ஸ்டுடியோவில் அவருக்குக் கூட்டாளி அசோக்குமார், மனைவி மீனாவின் தம்பி. கேமரா இவர் கை, கம்ப்யூட்டர் அவன் கை. ஆல்பம் அடுக்குவது, இன்டர்நெட்டில் தேடுவது, இங்கிலீஷில் இருப்பதைப் படித்துச் சொல்வது எல்லாம் அவன் பொறுப்பு. அவன் வாய் நிறைய மாமா என்பான், இவர் மாப்ள என்று உருகுவார், ஒரே இலையில் பரோட்டா பிய்த்துத் தின்றவர்கள். அந்த டிசம்பர் இரண்டாம் வாரத்தில் கிரகணப் பாதையின் வரைபடத்தை அவன்தான் தாளில் எடுத்து, பென்சிலால் இரண்டு கோடு போட்டு மேஜையில் விரித்தான். "இந்தா பாருங்க மாமா, இந்தப் பட்டைக்குள்ள இருந்தாத்தான் வளையம் தெரியும். மேல கொட்டாம்பட்டி, கீழ பேரையூர், ரெண்டும் உள்ளதான் இருக்கு. மார்கழிப் பனி, எந்தப் பக்கம் மேகம் கட்டும்னு சொல்ல முடியாது. நீங்க பேரையூர் போங்க, நான் கொட்டாம்பட்டி போறேன். ஒருத்தருக்குத் தப்புனாலும் இன்னொருத்தருக்குக் கெடைச்சிரும்." கிரகணம் பிடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான் பிரிந்து நிற்பார்கள், இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. மதுரை மாவட்டத்தில் வளையம் தெரியும் என்று பேப்பரிலும் போட்டிருந்தது, பேரையூரும் மதுரை மாவட்டம்தானே. போதாக்குறைக்குத் தனுஷ்கோடி நினைப்பு வேறு: போன தடவை வளையம் தெற்கேதான் வந்தது. ஒரு தடவை வந்த வழியில்தான் மறு தடவையும் வரும் என்பது பஸ்ஸுக்குப் பொருந்தும், கிரகணத்துக்குப் பொருந்தாது. முத்திருளனுக்கு அது உறைக்கவில்லை. வலிய வந்து, "பெரிய லென்ஸ நீ வச்சுக்க மாப்ள, எனக்குப் பழசுதான் கைப்பழக்கம்" என்று எடுத்தும் கொடுத்தார். நோட்டையும் கொடுத்தார்.

அன்றைக்கு மீனா நாலு மணிக்கே எழுந்து, கிரகணம் விட்டபிறகு சாப்பிடச் சொல்லி இரண்டு பொட்டலம் புளிச்சோறு கட்டினாள். ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று தம்பிக்கு. முத்திருளனின் நெற்றியில் திருநீறு பூசி, பைக் முக்குத் திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தாள். கொடுத்து வைத்தவன் நான் என்று நினைத்துக்கொண்டே அவர் திருமங்கலம் தாண்டினார். பேரையூரில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. எட்டு மணி ஏழு நிமிஷத்துக்குச் சூரியனின் ஓரத்தில் முதல் கடி விழுந்தது. ஆடு மேய்க்கிறவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வந்து கூடி, அவர் கொண்டுபோயிருந்த கறுப்புக் கண்ணாடியை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஒன்பது முப்பதுக்கு வெயில் தகரம் மாதிரி வெளுத்தது, கண்மாய்க் கருவேலத்தில் கொக்குகள் வந்து அடைந்தன. பிறையின் இரண்டு கொம்புகளும் ஒன்றை ஒன்று நெருங்கின, நெருங்கின, முத்திருளன் மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானில் விரல் வைத்திருந்தார். கொம்புகள் தொடவில்லை. ஓரத்தோடு ஓரமாக நழுவி மறுபக்கம் போய்விட்டன. கடிகாரம் தப்போ என்று பார்த்தார். ஒன்பது முப்பத்தைந்துக்குப் பிறை தடிக்க ஆரம்பித்தபோதுதான், இந்த ஊருக்கு வளையமே கிடையாது என்பது அவருக்குப் புரிந்தது. கரையில் உட்கார்ந்தார். போன் போட்டு, "கெடைச்சுச்சா மாப்ள?" என்றார். "கெடைச்சிருச்சு மாமா! ரெண்டு நிமிசத்துக்கு மேல நின்னுச்சு, சும்மா மோதிரம் மாதிரி. ஒங்களுக்கு?" என்றான் அசோக்குமார். ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அந்த 'ஒங்களுக்கு' என்று கேட்டான் பாருங்கள், அதுதான் முத்திருளனின் நெஞ்சில் போய்க் குத்தியது. போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

பதினொன்றே காலுக்கு மற்றவர்களின் சூரியன் முழுசானது. கூட்டம் கலைந்தது. முத்திருளன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது கிரகணமும் கூடவே கிளம்பியது. வழியில் ரோட்டோரம் மேய்ந்த கோழிகள் அவர் வரும்போது கூட்டுக்கு ஓடி, அவர் போனதும் குழம்பிப்போய் வெளியே வந்தன. திருமங்கலத்தில் சிக்னலுக்கு நின்றபோது பக்கத்தில் நின்ற லாரிக்காரர் முகப்பு விளக்கைப் போட்டார். வீட்டு வாசலில் இறங்கியதும் மீனா பார்த்தாள், கையில் இருந்த செம்பைக் கீழே போட்டாள், ஆத்தாடி என்ற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். சாமி கேட்டார்கள், மந்திரித்தார்கள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். ஒரு காலேஜ் புரொபசர் கருவிகளோடு வந்து மூன்று நாள் குறித்துக்கொண்டு, இது உள்ளூர் நிகழ்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கீர் முகமது பள்ளிவாசல் இமாமிடம் கேட்டதற்கு, வானத்துக் கிரகணத்துக்கான தொழுகையை அன்றைக்கே முடித்துவிட்டோம், ஒரு மனுஷனுக்கென்று பிடித்ததற்குச் சும்மா துஆ கேட்டு வேண்டிக்கொண்டால் போதும் என்றாராம். பக்கீர் முகமதின் சொந்த அபிப்பிராயம் வேறு. "மூடுன வளையம்னா தெறந்துக்கும் முத்து. ஒனக்கு மூடவே இல்லையே, அப்பறம் எப்பிடித் தெறக்கும்?" என்றார். இதுவரை யாரும் இதைவிட நல்ல விளக்கம் சொல்லவில்லை.

அசோக்குமார் வந்து, "மேப்பு தப்பாப் போச்சு மாமா, அக்கா மேல சத்தியமா எனக்குத் தெரியாது" என்றான். முத்திருளன் நம்பவில்லை. பென்சில் கோடு போட்டவனுக்கு எது உள்ளே எது வெளியே என்று தெரியாதா? அதோடு பேச்சு நின்றது. அடுத்த வருஷக் கடைசியில் சிவகாசிக் காலண்டர்காரர்கள் யாரோ அந்த வளையத்தைப் போட்டார்கள். புளியங்கிளை ஒன்று குறுக்கே ஓட, நடுவில் பிசிறில்லாத பொன் வளையம், கீழே படம்: அசோக்குமார், மதுரை. சலூன், டீக்கடை, அரிசிக்கடை என்று எங்கு போனாலும் அது தொங்கியது. வேகமும் திறப்பும் செல்லோடேப்பும் எல்லாம் முத்திருளனின் நோட்டு. பெயர் மட்டும் அவனுடையது. அவன் அண்ணாநகரில் தனிக்கடை போட்டு, போர்டிலேயே அந்த வளையத்தை வைத்தான். துரோகம் என்றால் என்னவென்று முத்திருளனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தூங்கி எழுந்தால் அதுதான் முதல் நினைப்பாக வரும். ஆறுதல் சொன்னது மீனா ஒருத்திதான். "என் வயிறெரிஞ்சு சொல்றேன், அவன் வெளங்கவே மாட்டான்" என்று கூடப் பிறந்தவனைச் சபித்தாள். அந்தக் காலண்டரை எவர் கொடுத்தாலும் வாங்கி அடுப்பில் வைத்தாள். உலகமே கைவிட்டாலும் பொண்டாட்டி கைவிடவில்லை என்று முத்திருளன் பக்கீர் முகமதிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

2020 ஜூனில் ஊரடங்குக்குள் இன்னொரு சூரிய கிரகணம் வந்தது. புதுசு வந்து பழசைக் கூட்டிக்கொண்டு போகும் என்று மீனா மொட்டைமாடியில் கற்பூரத்தோடு காத்திருந்தாள். புதுசு வந்தது, பிறைக்கு மேல் பிறையாக மூன்று மணி நேரம் நின்றது, தான் மட்டும் போய்விட்டது. முத்திருளன் தினமும் காலை ஒன்பது முப்பத்தொன்றுக்கு மாடிக்குப் போய் ஒரு படம் எடுத்தார். என்றைக்காவது ஒரு நாள் கொம்புகள் கூடிவிடாதா என்ற நப்பாசை. ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் படங்கள் சேர்ந்தன, எல்லாம் ஒரே பிறை. அவர் மாடிக்கு வந்தால் வத்தல் காய்வதில்லை, துணி உலர்வதில்லை என்பதால் அந்த நேரம் போக மற்ற நேரத்தில் கீழேயே இருக்கச் சொல்லிவிட்டாள் மீனா. கல்யாண வேலை சுத்தமாக நின்றுபோனது. முகூர்த்த நேரத்தில் கிரகணத்தைக் கூட்டிவர யாருக்குத் துணிச்சல் வரும்? தெருமுனைப் பிள்ளையார் கோயில் பூசாரி, இவர் கடக்கும்போதெல்லாம் நடை சாத்தி, போனதும் கழுவி, மறுபடி திறந்து அலுத்துப்போய், "அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அடுத்த தெரு வழியாப் போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். முத்திருளன் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த தெரு வழியாகவே போனார்.

அவருக்குப் பிழைப்பு கொடுத்தவர் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மொத்தக் கடை போட்டிருக்கும் மாயக்காள். ஒரு சித்திரை மாதம் பஸ்ஸுக்காக அந்தப் பக்கம் போன முத்திருளன், கடைக்கு முன்னால் வெயிலில் பத்து நிமிஷம் நின்றார். அந்தப் பத்து நிமிஷத்தில் பதினோரு அடிக்குள் இருந்த மல்லிகை மொட்டுகள் வாய் திறக்காமல் அப்படியே இருந்ததையும், பன்னிரண்டாவது அடியில் இருந்தவை துவண்டதையும் மாயக்காள் கவனித்துவிட்டார். வியாபாரிக்கு மூக்கு வியர்க்கக் கேட்கவா வேண்டும்? ஒரு நாற்காலியைத் தூக்கி நடுவில் போட்டு, "இந்தாங்கண்ணே, இதுல உக்காருங்க. ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா உக்காந்திருந்தாப் போதும்" என்றார். அன்றிலிருந்து அது முத்திருளனின் நாற்காலி. மற்ற கடைக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு தங்கள் கூடைகளையும் நகர்த்தி நகர்த்தி வட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆளை ஆள் இடித்துக்கொண்டு அடி அங்குலத்துக்குச் சண்டை வந்தபோது பக்கீர் முகமது வந்து சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்தார். வெளியூர்க்காரர்கள் வாய் பிளந்ததைத் தவிர மார்க்கெட்டில் அதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. ஐஸ் மிச்சம் என்றுதான் பேசினார்கள்.

ஒரே மகள் தாமரைச்செல்விக்கு 2024-ல் மேலூரில் கல்யாணம் முடிந்தது. விடியுமுன் மண்டபத்துக்குள் போன முத்திருளன் பொழுது சாய்ந்தபிறகுதான் வெளியே வந்தார், ஆகவே ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு அவள் உண்டானபோது வந்தது. வளைகாப்பு முடிந்தால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவேண்டும், தாய்வீடு என்றால் முத்திருளன் வீடு. மூன்று மணி நேரக் கிரகணத்துக்கே கர்ப்பிணியை ஜன்னல் அடைத்து உள்ளே வைக்கிற ஊர் இது. முத்திருளன் அதற்கு ஒரு வழி யோசித்து வைத்திருந்தார்: மூன்று மாதத்துக்கு வெயிலில் கால் வைப்பதில்லை, பகல் முழுக்கப் பின்னறையில் இருந்துவிடுவது. மாயக்காளிடம் லீவும் சொல்லிவிட்டார். பேரப்பிள்ளையை முதலில் யார் கையில் கொடுக்கிறார்கள், தான் எப்படி உட்கார்ந்து வாங்குவது என்பது வரைக்கும் நினைத்து வைத்திருந்தார். வளையம்தான் கிடைக்கவில்லை, இதாவது கிடைக்கட்டும் என்று பக்கீர் முகமதிடம் சொன்னார்.

வளைகாப்புக்கு நாலு நாள் இருக்கும்போது, பிப்ரவரி மாதம் ஒரு காலையில், ஐந்து வருஷமாக வாசல் மிதிக்காத அசோக்குமார் வந்தான். முத்திருளன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அவன் சரியாகப் பன்னிரண்டாவது அடியில் நின்றுகொண்டான்.

"மாமா, புள்ள பெத்து எந்திரிக்கிற வரைக்கும் நீங்க வேற எங்கயாச்சும் இருந்துக்கிட்டா நல்லது."

"என் வீட்ட விட்டு என்னையப் போகச் சொல்ல நீ யாருடா?"

"நானாச் சொல்லல. அக்காதான் சொல்லச் சொல்லுச்சு."

"அவ சொல்றதா இருந்தா என் மூஞ்சிக்கு நேராச் சொல்லுவா. பொய் சொல்றதே ஒனக்குப் பொழப்பாப் போச்சுடா. அன்னைக்கும் பேரையூர்ல தெரியும்னு பொய்க்கோடு போட்டுத்தான என் வாழ்க்கையக் கெடுத்த?"

அசோக்குமாருக்கும் ஐந்து வருஷம் அடக்கி வைத்த ஆத்திரம் இருந்தது போலும். "அன்னைக்கும் அக்காதான் மாமா சொல்லச் சொல்லுச்சு!" என்று கத்தினான். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து வாயைப் பொத்தினான்.

நிலைப்படியில் முறமும் கையுமாக மீனா நின்றிருந்தாள். முத்திருளன் திரும்பினார்.

"நெசமா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஒங்க மூல நச்சத்திரத்துல பிடிச்ச கிரகணம். ஆறு கிரகம் ஒண்ணாக் கூடியிருக்கு, வளையம் தலைக்கு நேரா மூடுச்சுன்னா ஒன் தாலிக்கு ஆகாதுன்னு மேலூர் சோசியர் சொல்லிட்டாரு. பேரையூர்ல மூடாதுன்னு தம்பி சொன்னான். அதான் ஒங்கள அங்க அனுப்பிவிடச் சொன்னேன். நீங்க உசுரோட இருக்கணும், அம்புட்டுத்தான் எனக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னாப் போகாம நிண்டுருப்பீகளா?"

"நிண்டுருக்க மாட்டேன்" என்றார் முத்திருளன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். "அதுகூடப் போகட்டும். அஞ்சு வருசமா எங்கூட உக்காந்து ஒன் தம்பியத் திட்டுனியே மீனா. ஒவ்வொரு நாளும் நான் அழுக அழுக, கூடச் சேந்து அழுதியே. அது என்னது?"

அழுதது நிஜம்தான் என்று சொல்ல வாயெடுத்தாள், அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். படியிறங்கி அவரிடம் வந்தாள். அப்போதுதான் அது நடந்தது. அவள் வட்டத்துக்குள் கால் வைத்ததும் அவள்மேல் மட்டும் வெயில் விழுந்தது. சுற்றிலும் மங்கல், நாற்காலி மங்கல், முத்திருளன் மங்கல், நடுவில் மீனா நின்ற இடம் மட்டும் பத்து மணி வெயிலில் பளீரென்று காய்ந்தது. ஒரு அடி நகர்ந்தாள், வெயிலும் ஒரு அடி நகர்ந்தது. ஐந்து வருஷம் அவள் துணி காயப்போட்டபோதும் வத்தல் அள்ளியபோதும் அவளையும் சேர்த்து மூடியிருந்த கிரகணம், இப்போது அவளைத் தள்ளி வைத்துவிட்டது. உண்மை வெளியே வந்ததால் கிரகணமே விட்டுவிடும் என்று ஒரு நொடி நினைத்த அசோக்குமார் அண்ணாந்து பார்த்தான். முத்திருளனின் சூரியன் பிறையாகவே நின்றது. அவன் மெல்ல நழுவிவிட்டான்.

முத்திருளன் அன்றைக்கே இரண்டு வேட்டியும் நாலு சட்டையும் எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டார். மாயக்காள் கடைக்குப் பின்னால் சாக்கு போடுகிற அறையை ஒழித்துக் கொடுத்தார். கேமராவை எடுத்துப் போகவில்லை. ஒன்பது முப்பத்தொன்றுப் படமும் அதோடு நின்றது. இனி அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று பக்கீர் முகமதிடம் சொன்னார். அசோக்குமார்மேல் இருந்த கோபம் அவருக்கு ஒரே நாளில் தேய்ந்துபோனது, அதுதான் அவருக்கே கஷ்டமாக இருந்தது. கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டதே என்றார். மீனா தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். கொண்டுவந்த சோற்றை அவர் சாப்பிட்டார். முகம் பார்க்கவில்லை, பேசவில்லை. அவள் தரையில், அவருக்குப் பக்கத்தில், தனக்கென்று விழுந்த வெயிலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். அவள் உட்காருகிற இடத்தில் இருந்த மல்லிகை வாடுவதாகப் பூக்காரர்கள் முணுமுணுத்தபோது, மாயக்காள் அந்த இடத்தில் கூடை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரலில் தாமரைச்செல்விக்குப் பெண்குழந்தை பிறந்தது. முத்திருளனுக்குப் போனில்தான் சேதி வந்தது. "அம்மா செஞ்சத எங்கிட்டயும் யாரும் சொல்லலப்பா" என்று அவள் அழுதாள். அதை அவர் நம்பினார், நம்புவதற்கு ஒரு ஆளாவது வேண்டுமே. முப்பது நாள் கழிந்ததும், கத்திரி வெயில் கொளுத்துகிற ஒரு நாள், யார் சொல்லையும் கேட்காமல் தாமரைச்செல்வி ஆட்டோ பிடித்து மார்க்கெட்டில் வந்து இறங்கினாள். நேராக வட்டத்துக்குள் நடந்துபோய் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, "ஸ்ஸப்பா, என்னா சொகமா இருக்கு! இம்புட்டு நாளா இங்க ஏசி போட்டு உக்காந்துக்கிட்டு என்னையக் கூப்பிடாம இருந்திருக்கியேப்பா" என்றாள். பூக்காரர்கள் சிரித்தார்கள். முத்திருளனும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

குழந்தையை வைத்திருந்தவள் மீனா. துண்டால் மூடிக்கொண்டு சுண்ணாம்புக் கோடுவரை வந்தவள், கோட்டில் நின்றாள். வெயிலில் குழந்தையின் முகம் சிவந்து, வீரிட்டது. மீனா உள்ளே வந்தாள். உள்ளே வந்தும் அவள்மேல் வெயில், அவள் கையில் இருந்ததால் குழந்தைமேலும் வெயில். நாற்காலிக்கு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் எட்டுகிற மட்டும் நீட்டினாள். "புடிங்க. புள்ளைக்கு வெயில் அடிக்குது."

மூன்று மாதத்தில் முதல் தடவையாக முத்திருளன் அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றியெல்லாம் கறுத்து, கன்னத்தில் தோல் உரிந்திருந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டார். கைமாறியதும் அதன்மேல் மங்கல் இறங்கியது, அழுகை நின்றது. மேலே கட்டியிருந்த பின்னல் பூக்கூடைகளின் ஓட்டைகள் வழியே விழுந்த வெளிச்சம் குழந்தையின் வயிற்றிலும் தொடையிலும் சின்னச் சின்னப் பிறைகளாக ஆடியது. அது கையை வீசி அவற்றைப் பிடிக்கப் பார்த்தது. தாமரைச்செல்வி செல்போனில் படம் எடுத்தாள். "நீயும் உள்ள வாம்மா, ஒரு படம் எடுப்போம்" என்றாள் அம்மாவிடம், விஷயம் தெரியாத மாதிரி. மீனா உள்ளேதான் நின்றுகொண்டிருந்தாள். படத்தில் அவள் நின்ற இடம் மட்டும் வெள்ளையாக வெளுத்துப்போய், முகமே விழவில்லை.

மன்னித்துவிட்டாரா என்று மாட்டுத்தாவணியில் அவரைக் கேட்டவர்கள் உண்டு. இல்லை என்று நேராகவே சொல்வார். மீனாவைக் கேட்டவர்களும் உண்டு. ஆள் உயிரோடு இருக்கிறாரே என்பாள், வேறொன்றும் சொல்லமாட்டாள். பக்கீர் முகமது அவளுக்கு ஒரு பெரிய கறுப்புக் குடை வாங்கிக் கொடுத்தார். அதை வாங்கிக் கொடுக்கச் சொன்னது யார் என்று அவர் இதுவரை சொல்லவில்லை, மீனாவும் கேட்கவில்லை. இப்போதும் தினம் மத்தியானம் போனால் பார்க்கலாம்: பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு முத்திருளன் கிரகணத்தில் உட்கார்ந்திருப்பார், சுற்றிலும் மல்லிகை வாடாமல் இருக்கும், அவருக்கு இரண்டடி தள்ளி மீனா குடை பிடித்துக்கொண்டு தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருப்பாள். பூ வாங்க வருகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போவார்கள், அந்த இடத்தில் தரை சுடும் என்பதால்.